முற்றத்துக்கு விட்ட இருபது அடி

மக்கா,

"இது எந்த மாசத்துக் கடலு, சாரே?" என்று முப்பது வருடத்துக்கு முன்பு ஒரு பெண் என்னிடம் கேட்டாள். நான் வரைந்து கொடுத்த மனைப் படத்தை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தபடி, அதன் தெற்கு ஓரத்தில் நீல மையால் நான் இழுத்திருந்த அலைகளைப் பார்த்துக் கேட்டாள். நான் சிரித்தேன். வாத்தியார் சிரிக்கிறாரே என்று பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். அன்று நான் சொன்ன பதில் தவறு. சில மாதங்களில் சரியான பதில் எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. இந்தக் கடிதம் அதைப் பற்றியது. போன வாரம் நீ நம் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் விரித்துக் காட்டிய படத்தைப் பற்றியதும்கூட.

இதை உனக்கு மட்டும் அனுப்பாமல் நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன். கடற்கரை ஊர்களில் வீட்டு அனுமதிக்குப் பிளான் போடுகிறவன் நீ ஒருவன் மட்டும் இல்லையே. ஊரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்தப் பெண்ணின் பெயரையும் மாற்றி பிலோமினா என்று வைத்துக்கொள்கிறேன். குழித்துறையில் நீ சொந்தமாக அலுவலகம் திறந்து, உன் பெயர் போட்ட முத்திரையை வாங்கி வந்த அன்று உன் அம்மை அதைச் சாமி படத்தின் முன்னால் வைத்துக் கும்பிட்டாள். அந்த முத்திரை விழப்போகும் முதல் பிளான் இது என்று எனக்குத் தெரியும். வாழ்த்துச் சொல்ல வேண்டிய நேரத்தில் இப்படி ஒரு கடிதம் வருகிறதே என்று வருத்தப்படாதே. இதில் உன்னுடைய குற்றத்தைவிட என்னுடையதுதான் அதிகம் இருக்கிறது.

அந்தக் கடற்கரைப் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு வாத்தியாராக நான் மாற்றலாகிப் போனது ஒரு ஐப்பசி மாதம். சுசீந்திரத்திலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவேன், மாலை மணி அடித்ததும் திரும்பிவிடுவேன். பள்ளிக்கூடம் மேட்டில் இருந்தது. கடல் கண்ணுக்குத் தெரியும், காலில் படாது. அளவு வைத்துப் படம் வரையத் தெரிந்தவர் அந்த ஊரில் அப்போது வேறு யாரும் இல்லை. அரசு வீட்டுத் திட்டத்துக்கு மனுக் கொடுப்பவர்கள் மனைப் படம் ஒன்றை இணைக்க வேண்டும். நான்கு எல்லை எது, வழி எந்தப் பக்கம், வீடு எங்கே வரும், கிணறு எங்கே, கடல் எத்தனை அடி தூரம் என்றெல்லாம் அதில் காட்ட வேண்டும். வடிவியல் பாடம் நடத்துகிற கை அல்லவா, ஒருவருக்கு வரைந்து கொடுத்தேன், பிறகு ஊரே என்னைத் தேடி வந்தது. நான் எதுவும் வாங்குவதில்லை. "ஒரு துண்டு மீனு குடுக்கவும் வழியில்லியே சாரே, நீங்க சைவமாச்சே" என்று பிலோமினா ரொம்ப அங்கலாய்ப்பாள். அவள் மீன் விற்கிறவள். அவள் கணவன் சூசை வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகிறவன்.

அவர்கள் மனையை நான் அளந்தது மாசி மாதம் ஒரு சனிக்கிழமை. நான் அசட்டையாக அளந்தேன் என்று நினைத்துவிடாதே. ஓதம் ஏறி, அலை எட்டும் மட்டும் எட்டி நிற்கட்டும் என்று இரண்டு மணி நேரம் வெயிலில் காத்திருந்தேன். அலை கடைசியாக வந்து நனைத்த கோட்டில் கம்பு நட்டேன். நாடாவின் ஒரு முனையைச் சூசை பிடித்தான், மறுமுனையை நான் பிடித்தேன். அங்கிருந்து மனையின் தெற்கு எல்லைக் கல் வரை நூற்றுப் பத்து அடி இருந்தது. பிலோமினா தள்ளி, வழியோரம் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை யாரும் கூப்பிடவில்லை. நான் வயல்காட்டில் வளர்ந்தவன். எங்கள் நாலு மரக்கால் விதைப்பாட்டு வயலுக்கு வடக்கே இருந்த எல்லைக் கல் என் அப்பா காலத்தில் எங்கே நின்றதோ அங்கேயேதான் இன்றும் நிற்கிறது. வரப்பை ஒருவன் வெட்டித் தள்ளினால்தான் தள்ளும், தானாக நடந்து வராது. கடலையும் நான் அப்படிப் பக்கத்து வயல்காரன் வரப்பைப் போலத்தான் அளந்தேன்.

அடுத்த வாரம் படத்தைக் கொடுத்தபோது அவள் முதலில் கேட்டது கடலைப் பற்றி இல்லை. எண்பது அடி நீள மனையில் வடக்கே வழி, தெற்கே கடல். வழியிலிருந்து இருபது அடி தள்ளி வீடு தொடங்கும்படி போட்டிருந்தேன். வீட்டுக்கு முப்பத்துநாலு அடி. பின்னால், கடல் பக்கம், இருபத்தாறு அடி. அடுக்களை பின்பக்கம்.

"முன்னால இவ்வளவு எடம் என்னத்துக்கு, சாரே?" என்றாள்.

"முற்றம் வேண்டாமா அம்மா?" என்றேன்.

"நாங்க என்ன, நெல்லா காயப் போடப் போறோம்?"

கூட வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். சூசைதான் அவளை அடக்கினான். "ஏட்டி, சும்மா கெட. சார் நாலும் யோசிக்காமலா போட்டிருப்பாரு."

நான் ஒன்றையும் யோசித்திருக்கவில்லை, மக்கா. அந்த இருபது அடியை நான் கணக்குப் பார்த்துப் போடவில்லை, கை தானாகப் போட்டது. நான் பிறந்த வீடு, உன் அம்மை பிறந்த பூதப்பாண்டி வீடு, என் கூட்டாளிகளின் வீடு என்று நான் பார்த்த எல்லா வீட்டுக்கும் முன்னால் நெல் காயப் போடவும் வைக்கோல் உதறவும் ஒரு முற்றம் இருந்தது. வீடு என்று தாளில் வரைந்தால் முற்றம் தன்னால் வந்துவிடும். ஒரு வள்ளக்காரன் வீட்டுக்கு நெல் காயப் போடுகிற முற்றத்தை விட்டுவிட்டு, வீட்டைக் கடலை நோக்கி இருபது அடி தள்ளி வைத்தேன். அந்த வழியை ஒட்டிக் குடியிருந்த பழைய ஆட்கள் எல்லோரும் வாசலைத் திறந்தால் வழியில் கால் வைக்கும்படிதான் வீடு கட்டியிருந்தார்கள். இடநெருக்கடி, பாவம், ஒழுங்கு தெரியாதவர்கள் என்று நான் நினைத்தேன். அவர்கள் கடலுக்கு இடம் விட்டிருந்தார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதற்குப் பிறகுதான் அவள் அந்தக் கேள்வியைக் கேட்டாள். எந்த மாசத்துக் கடலு?

"கடலுக்கு ஏதும்மா மாசம்? ஓதம் ஏறும், எறங்கும். ஏறி நிக்கிற கோட்டத்தான் அளந்திருக்கேன்" என்றேன். வகுப்பில் அசட்டுக் கேள்வி கேட்கும் பிள்ளைக்குப் பொறுமையாகப் பதில் சொல்வதுபோலச் சொன்னேன். "செரி சாரே" என்று படத்தை மடித்து மடியில் செருகிக்கொண்டாள். அவள் நடக்கப் பழகியது அந்த மணலில். ஒவ்வொரு ஆடியிலும் அந்த மணல் எவ்வளவு தூரம் காணாமல் போகும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் தன் கண்ணால் கண்டதைவிட என் தாளை நம்பினாள். தாளில் உள்ளபடி அடித்தளம் போட்டால்தான் திட்டத்தின் அடுத்த தவணை வரும் என்று சொல்லிவிட்டார்கள். பங்குனியில் என் கோடுகளின் மேலேயே கயிறு கட்டி அடித்தளத்துக்கு வானம் தோண்டினார்கள்.

ஒருவேளை இதோடு முடிந்திருந்தால் தெரியாமல் செய்த பிழை என்று நான் என்னைச் சமாதானம் செய்திருப்பேன். அந்த ஆடியில் ஒரு நாள் மத்தியானம், பள்ளிக்கூடத்தில் வகுப்பு நடத்த முடியாத அளவுக்குக் கடல் இரைந்தது. சாப்பாட்டு நேரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு முதன்முறையாக மழைக்காலத்துக் கரைக்கு இறங்கிப் போனேன். கரையே இல்லை. மாசியில் நான் கம்பு நட்ட இடம் கடலுக்குள் எங்கோ இருந்தது. நூற்றுப் பத்து அடியில் பதினைந்து அடிகூட மிச்சமில்லை. பிலோமினாவின் வீடு ஜன்னல் மட்டத்துக்குச் சுவர் எழும்பி, மழைக்காக வேலை நின்றிருந்தது. அவள் அந்தச் சுவருக்குள் ஒதுங்கி நின்றாள். என்னைப் பார்த்ததும் கூப்பிட்டாள். "கண்டியளா சாரே, இதாக்கும் ஆடிக் கடலு. ஆவணி கழிஞ்சா மண்ணு திரும்ப வந்திரும்." அவள் குரலில் குற்றம் சொல்லும் தொனி துளியும் இல்லை. ஊரைச் சுற்றிக் காட்டுவதுபோலச் சொன்னாள்.

அப்போது சொல்லியிருக்கலாம். கூரை ஏறவில்லை. அடுக்களைப் பக்கத்துச் சுவரைக் கைவிட்டுவிட்டு, முன்னால் உள்ள இருபது அடியில் அறையைக் கட்டிக்கொள்ளுங்கள், நான் படத்தைத் திருத்தித் தருகிறேன், அதிகாரியிடம் நானே வந்து பேசுகிறேன் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. ஆனால் அந்தப் படத்தின் அடியில் என் கையெழுத்து இருந்தது. கணக்கு வாத்தியார் போட்ட கணக்கு தப்பு என்று மீன் விற்கிறவள் முன்னால் ஒப்புக்கொள்வதா என்று ஒரு இது. நான் சொன்னது என்ன தெரியுமா? "வீட்டுக்குப் பின்னால இன்னும் இருபத்தாறு அடி கெடக்குல்லா. பயப்படாண்டாம்" என்றேன். குடையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு மேட்டில் ஏறிவிட்டேன்.

மணல் திரும்ப வந்தது, அவள் சொன்னபடியே. அடுத்த வருடம் கொஞ்சம் குறைவாக வந்தது. மூன்றாவது ஆடியில், காலை இரண்டாவது பாட வேளையில், நான் பலகையில் ஒரு வட்டத்துக்குத் தொடுகோடு வரைந்துகொண்டிருந்தபோது கீழே சத்தம் கேட்டது. அடுக்களையும் அதை அடுத்த அறையும் போய்விட்டன. வள்ளத்தின் எஞ்சினைப் பின்னறையில் வைத்திருந்தார்கள். அதை இழுத்து வெளியே போடச் சூசை உள்ளே போனபோது சுவர் அவன் வலது தோளில் விழுந்தது. உயிர் போகவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவன் வள்ளத்தில் ஏறவில்லை. வலை இழுக்க முடியாத வள்ளக்காரன் ஊரில் என்ன ஆவான் என்பதை நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் இருந்த வருடங்கள் முழுக்கப் பார்த்தேன். வழியோரம் உட்கார்ந்து மற்றவர்களின் வலையை ஒரு கையால் பின்னிக் கொடுப்பான். நான் பஸ்ஸுக்குப் போகும்போது எழுந்து நின்று இடது கையால் கும்பிடுவான். ஒவ்வொரு நாளும் கும்பிடுவான். ஏழு வருடம் முன்பு இறந்துபோனான்.

வீடு இழந்தவர்களைப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தார்கள். என் ஒன்பதாம் வகுப்பு அறை பிலோமினா குடும்பத்துக்கும் இன்னும் இரண்டு குடும்பத்துக்கும் போனது. சாக்பீஸ் எடுக்க நான் உள்ளே போனபோது, பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அதன் மேல் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். "சாரே, ஒங்களுக்க கிளாஸ்லதான் கெடக்கோம். மறக்காம ஹாஜர் எடுத்துக்கிடுங்க" என்றாள். மூலையில் உட்கார்ந்திருந்த பெண்கள் சிரித்தார்கள். நான் சாக்பீஸ் பெட்டியைத் திறக்கத் தெரியாதவன்போல நின்றேன். அன்று மாலை பஸ்ஸைத் தவறவிட்டு அந்த மனைக்குப் போனேன். முன்பக்கச் சுவர் நின்றது, பின்னால் கடல். நடுவில் வீடு இல்லை. ஆனால் நான் விட்ட முற்றம் அப்படியே இருந்தது. காலையில் அவள் பெருக்கியிருக்க வேண்டும், விளக்குமாறின் கோடுகள்கூட மணலில் கலையாமல் இருந்தன. இருபது அடியும் காய்ந்து கிடந்தது. அந்த இருபது அடியில்தான் அந்த வீடு இருந்திருக்க வேண்டும்.

அதோடு பிளான் போடுவதை விட்டேன். கேட்டவர்களிடம் கண் சரியில்லை என்று சொன்னேன். அதுவும் தப்பாகிவிட்டது. காரணத்தைச் சொல்லியிருந்தால் நாலு பேர் விழித்துக்கொண்டிருப்பார்கள். நான் சொல்லாததால், என் படம் ஒன்றை மாதிரிக்கு என்று வைத்திருந்து அதன் மேல் டிரேசிங் தாளைப் போட்டு மனைக்கு மனை வரைந்து கொடுத்தார்கள். ஏழெட்டு வீடு என் முற்றத்தோடு எழும்பியது. சுனாமி வந்த வருடம் அந்த வழியில் வீடு போனவர்களுக்கு மேட்டில் வீடு கொடுத்தார்கள். பிலோமினாவுக்குக் கிடைக்கவில்லை. சுனாமி வரும்போது அவளுக்கு அங்கே வீடு இல்லையே. அதற்கு முன்பே போய்விட்ட வீடு எந்தப் பட்டியலிலும் ஏறவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை வாடகை வீடுதான்.

உன் அம்மையிடம் மட்டும் ஒருமுறை இதைச் சொன்னேன். "நீங்க பிளான் போட்டா ஆடி மாசம் கடலும் லீவு லெட்டர் எழுதிக் குடுக்கும்னு நெனச்சியளாக்கும்" என்றாள். உன் அம்மையின் வாய் உனக்குத் தெரியும். பிறகு, காய் நறுக்கிக்கொண்டே தலையைத் தூக்காமல், "அந்தப் பொம்பளட்ட போயிச் சொல்லிட்டு வாருங்க" என்றாள். பல வருடம், நான் அந்தப் பக்கம் போய்வந்தால் "சொல்லியாச்சா?" என்று கேட்பாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். அவள் கேட்டுக்கொண்டிருந்தபோதே நன்றாக இருந்தது.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். நீ படத்தை விரித்தபோது உன் முகம் எப்படி இருந்தது என்பது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. "யப்பா, இது யாருக்க மனைனு சொல்லுங்க பாப்போம்" என்றாய். பையிலிருந்து பழுப்பேறிய தாள் ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாய். என் நீல அலைகள். என் கையெழுத்து. பிலோமினாவின் மகள் ஷீபா வீடு கட்டப்போகிறாள், அவள் கணவன் கல்ஃபில் மீன்பிடிப் போட்டில் போகிறவன், பத்திரத்தோடு இந்தப் படத்தையும் பத்திரமாக வைத்திருந்தார்கள் என்று சொன்னாய். "ஒங்க படத்த வச்சுத்தான் நான் பேஸ் போட்டேன். என்ன சுத்தமான கோடு, யப்பா" என்றாய். நான் தேநீரைக் குடித்தேன். நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். மறுநாள் காலையில் உன் அம்மையிடம்கூடச் சொல்லாமல் பஸ் ஏறி அங்கே போனேன்.

உன் படத்தில் மனை வழியிலிருந்து தெற்கே இருபத்துநாலு மீட்டர் நாற்பது சென்டிமீட்டர் ஓடுகிறது. என் எண்பது அடிதான் அது, மீட்டரில். நான் வழியிலிருந்து காலடி வைத்து நடந்தேன். நாற்பத்தைந்து, நாற்பத்தாறு அடியில் என் கால் கருங்கல்லில் இடித்தது. கடலரிப்புக்காகக் கொட்டியிருக்கிற கல், ஆள் உயரத்துக்கு. நீ செப்டிக் டேங்க் வரைந்திருக்கிறாயே, அந்த இடம் கல்லுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அந்தக் கல்லின் மேல் ஒரு நண்டு உட்கார்ந்திருந்தது. பின்பக்கம் காலி இடம் என்று நீ கோடு போட்டுக் காட்டியிருக்கும் இடத்தில் கடல் கிடக்கிறது. என் அடித்தளத்தின் ஒரு மூலை மட்டும் இன்னும் மண்ணுக்கு மேலே தெரிகிறது. வழியோரம் நான் விட்ட முற்றத்தை நீயும் விட்டிருக்கிறாய், கார் நிறுத்த என்று எழுதியிருக்கிறாய். பிழையோடு பிழையாக என் கையும் உனக்கு வந்திருக்கிறது.

பிலோமினா வந்தாள். எனக்குத்தான் அவளை அடையாளம் தெரிய நேரமானது, அவள் தூரத்திலேயே "சாரே!" என்று கூப்பிட்டுவிட்டாள். வழியோரம் இருந்த வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்தோம். நான் முப்பது வருடமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்ததை அன்று தொடங்கினேன். "அம்மா, நீங்க அன்னைக்கு என்கிட்ட ஒண்ணு கேட்டிய, ஞாபகம் இருக்கா? எந்த மாசத்துக் கடல்னு."

"நானா? எப்பம் சாரே?" என்றாள். யோசித்துப் பார்த்தாள். அவளுக்கு ஞாபகமே இல்லை. அந்தக் கேள்வியை நான் ஒருவன்தான் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன். பிறகு அவளே பேச்சை மாற்றினாள். "ஒங்களுக்க மவன் வந்தான் சாரே. என்ன மரியாதி. நல்லாப் படம் போட்டிருக்கான். ஒங்களுக்க கை அப்படியே இருக்கு. எனக்க மவளுட்ட சொன்னேன், சாருக்க மவனாக்கும், கண்ண மூடிட்டு கட்டலாமுன்னு."

எழுந்து வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினேன், மக்கா. ஆம், இந்த முறையும் சொல்லாமல்தான் பஸ் ஏறினேன். உன்னிடம் நான் நல்லவனாக எழுதிக்காட்ட இந்தக் கடிதத்தை எழுதவில்லை.

வந்ததும் உனக்குப் போன் செய்தேன். நீ சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. "யப்பா, பத்திரத்துல உள்ள நீளத்தத்தான் நான் போட முடியும். கடலு தின்னதுக்கு எவன் பத்திரம் எழுதுவான்?" என்றாய். கல் கிடப்பதை நீயும் பார்த்திருக்கிறாய் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அது என்னைக் கலங்க வைத்தது. நான் பார்க்காமல் தொடங்கினேன், நீ பார்த்துவிட்டே தொடங்குகிறாய். பிறகு மெதுவாகச் சொன்னாய், "உள்ளத உள்ளபடி வரைஞ்சா அனுமதி கெடைக்காம போனாலும் போவும். அவியளுக்கு வேற எடம் இருக்கா? நான் போடலைன்னா இன்னொருத்தன் போட்டுக் குடுப்பான். திங்கக்கிழமை ஆன்லைன்ல ஏத்திருதேன்." இதற்கு என்ன பதில் சொல்வது என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். உண்மையை வரைந்தால் அவளுக்கு வீடே இல்லாமல் போகலாம். பொய்யை வரைந்தால் வீடு கிடைக்கும், சில ஆடிகளுக்கு. இரண்டில் எதைச் சொன்னாலும் வாடகை வீட்டில் இருக்கப்போவது நாம் இல்லை.

எனக்குத் தெரிந்ததை உதாரணம் வைத்துச் சொல்கிறேன், வாத்தியார் புத்தி போகாது. உன் அலுவலகத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் ஆற்றின் குறுக்கே தண்ணீர் மட்டத்தை ஒட்டித் தாழ்வாகப் போகிற சப்பாத்துப் பாலம் இருக்கிறது. கோடையில் அதில் பைக் போகும், மழைக்காலத்தில் கயிறு கட்டி ஆளை விடமாட்டார்கள். சித்திரை மாத ஆற்றை அளந்துவிட்டு அந்தக் கரையில் ஒருவன் வீட்டுக்குப் படம் போட்டால் நீ அவனைப் பார்த்துச் சிரிப்பாய். ஆறாம் வகுப்பில் அளவெடுத்த பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பில் அதே அளவில் சட்டை தைத்தால் தையல்காரனை ஊர் சும்மா விடாது. பத்திரம் அந்த ஆறாம் வகுப்பு அளவுதான். அதைப் படத்தில் ஒரு புள்ளிக் கோடாகக் காட்டு, வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குள் இன்று மண் எங்கே நிற்கிறது என்பதை அழுத்தமான கோடாகப் போடு. வீட்டை வழியை ஒட்டி, விதி எவ்வளவு குறைவாக விடச் சொல்கிறதோ அவ்வளவே விட்டு வை. சின்ன வீடாகத்தான் வரும். அடுக்களையும் செப்டிக் டேங்கும் வழிப்பக்கம் வரட்டும். கார் வேண்டாம். கடற்கரைக்காரர்கள் பழைய வீட்டைத் திரும்பக் கட்ட விதியில் ஏதோ இடம் இருக்கிறது என்கிறார்கள், அது உனக்குத்தான் தெரியும். பழைய வீடு அங்கே இருந்ததற்கு என் படமே சாட்சி, இந்த ஒன்றுக்காவது அது உதவட்டும். இவ்வளவு செய்தும் அனுமதி கிடைக்காமல் போகலாம். அப்படிப் போனால் அதை ஷீபாவிடம் சொல்லும் வேலையும் உன்னுடையதுதான், எனக்குத் தெரியும் அது எவ்வளவு கடினம் என்று. நான் முப்பது வருடமாக அதைவிடச் சின்ன ஒன்றைச் சொல்ல முடியாமல் இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நானும் உன்னோடு வருகிறேன். நீ அளப்பதற்கு முன்னால் நான் அவளிடம் பேச வேண்டும். இந்த முறை நீ பக்கத்தில் நிற்பதால் என்னால் ஓட முடியாது. உன் அம்மையும் வருகிறேன் என்கிறாள், அவளுக்கு என் மேல் நம்பிக்கை அவ்வளவு.

நான் பேசி முடித்ததும் நீ இதை மட்டும் செய். நாடாவின் பூஜ்யம் இருக்கிற முனையைப் பிலோமினாவின் கையில் கொடு. ஆடியில் கடல் வந்து நிற்கிற இடத்தில் போய் நில்லுங்கள் என்று சொல். அவள் எங்கே போய் நிற்கிறாளோ, அங்கிருந்து வழி வரைக்கும் அள.

இப்படிக்கு,
உன் அப்பா